ஒரு கோலும் விடாதவர்

என் தங்கச்சி புருஷன் சம்பளத்துக்குக் கால்பந்து ஆடுகிறவர் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. நம்பாதவர்களைக் குறை சொல்லவும் முடியாது. கிளப்பில் சேர்ந்து பதினொரு வருடம் ஆகியும் அவர் ஒரு லீக் ஆட்டத்தில்கூட இறங்கியதில்லை. அவர் மூன்றாவது கோல்கீப்பர். முதலாமவருக்கு ஏதாவது ஆனால் இரண்டாமவர் இறங்குவார். இரண்டாமவருக்கும் ஏதாவது ஆனால்தான் எங்கள் மாப்பிள்ளை. அதாவது ஒரே இடத்தில் இரண்டு முறை இடி விழ வேண்டும்.

விழவில்லை. அதனால் மாப்பிள்ளை பெஞ்சின் கடைசி ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். மரப் பெஞ்சு, ஓரத்தில் ஒரு ஆணி வேறு துருத்திக்கொண்டிருக்கும். நான் மெத்தைக் கடை வைத்திருப்பவன். கடையிலிருந்து சதுரமான நீலக் குஷன் ஒன்றைக் கொடுத்தேன். அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவர் மைதானத்துக்குள் நடந்து போவதைப் பார்த்தால் ஆடப் போகிறவர் மாதிரி இருக்காது, ரயில் ஏறப் போகிறவர் மாதிரி இருக்கும். கிளப்பில் எல்லோரும் அவரை ‘குஷன்’ என்றுதான் கூப்பிட்டார்கள். அவரும் கோபித்துக்கொள்ளாமல் திரும்பிப் பார்ப்பார். அந்தச் சுபாவம்தான் எனக்கு எரிச்சல்.

கடை கீழே, வீடு மேலே. மேலே இருந்த இரண்டு அறைகளில் ஒன்று எனக்கு. இன்னொன்று கல்யாணமான நாள் முதலாகத் தங்கச்சிக்கும் மாப்பிள்ளைக்கும். ‘வீடு கிடைக்கிற வரைக்கும்’ என்று வந்தவர்கள். அந்த அறையில் மாப்பிள்ளை தினமும் காலையில் சுவருக்குச் சுவர் பாய்ந்து பயிற்சி செய்வார். தொம்மென்று விழுவார். கீழே மெத்தை பார்க்க வந்தவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள்.

“என்னங்க சத்தம்?”

“பூனை,” என்பேன்.

“இவ்ளோ பெரிய பூனையா?”

“நல்லாச் சாப்பிடும்.”

கோல்கீப்பர் என்று சொன்னால் எந்த ஆட்டத்தில் இறங்கினார், எத்தனை பந்து பிடித்தார் என்று கேட்பார்கள். பதில் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. பூனைக்கு அந்தத் தொந்தரவு இல்லை.

ஆனால் மனிதர் ஒழுங்கானவர். ஆட்டம் முடிந்து வந்ததும் அழுக்கே ஆகாத சட்டையை ஊறவைப்பார். வியர்க்காத உடம்பைத் தேய்த்துத் தேய்த்துக் குளிப்பார். பந்தே தொடாத கையுறையைத் தங்கச்சி துவைத்து ஜன்னலில் காயப்போடுவாள். போகிறவர் வருகிறவர் பார்த்தால் வீட்டில் பெரிய ஆட்டக்காரர் இருப்பதாக நினைத்துக்கொள்ளட்டும் என்று அவளுக்கு ஓர் ஆசை.

இவர்கள் சம்பளம் எப்படி வருகிறது என்று எனக்கு வெகுநாள் புரியவில்லை. மாப்பிள்ளைதான் ஒருநாள் டீ குடித்துக்கொண்டே விளக்கினார். நான் எல்லாவற்றையும் மெத்தையாக மாற்றித்தான் புரிந்துகொள்வேன், எனக்கு அந்தக் கணக்குத்தான் தெரியும்.

சீசன் நடக்கும் மாதங்களில் வாரா வாரம் கிளப் சம்பளம் கொடுக்கும். சீசன் முடிந்தால் சம்பளமும் முடிந்தது. அடுத்த சீசன்வரை மாப்பிள்ளை என் கடையில் மெத்தைக்கு உறை மாட்டுவார். அவருடைய வாரச் சம்பளம் ஒரு நல்ல பஞ்சு மெத்தை, ஒற்றைக் கட்டிலுக்கு. அதே கிளப்பில் கோல் போடுகிற நட்சத்திரம் ஒருவன் உண்டு. பத்திரிகைக்காரர்கள் அவனைத் ‘தங்கக்கால்’ என்பார்கள். அவனுடைய வாரச் சம்பளத்தில் என் கடை, பின்னாலிருக்கும் குடோன், என் ஓட்டை வேன், வேனுக்குள் என்னையும் உட்காரவைத்து மொத்தமாக விலைக்கு வாங்கிவிடலாம். கையெழுத்துப் போட்டதற்கே அவனுக்குத் தனியாக ஒரு தொகை கொடுத்தார்கள். எங்கள் மாப்பிள்ளை கையெழுத்துப் போட்டபோது ஒரு தண்ணீர் பாட்டில் கொடுத்தார்கள். பாட்டில் நல்ல பாட்டில்தான், இன்னும் இருக்கிறது.

இதற்கு மேல் போனஸ்கள். தங்கக்கால் ஒரு கோல் போட்டால் ஒரு போனஸ். அடுத்தவன் கோல் போட வழி செய்து கொடுத்தால் ஒரு போனஸ். மாதா மாதம் எடை பார்க்கும்போது முள் குறிப்பிட்ட அளவைத் தாண்டாமல் நின்றால் அதற்கும் ஒரு போனஸ்.

“சாப்பிடாம இருந்தா காசு கொடுப்பாங்களா?” என்று கேட்டேன்.

“அவருக்குக் கொடுப்பாங்க மச்சான். நான் சாப்பிடாம இருந்தா எனக்குப் பசிக்கும்.”

இதில் வேடிக்கையான விஷயம் பிளே-ஆஃப். சீசன் முடிந்ததும் மேல் வரிசையில் இருக்கும் அணிகள் மட்டும் ஆடும் நாக்-அவுட் ஆட்டங்கள். தோற்றால் அத்தோடு மூட்டை கட்ட வேண்டியதுதான். அந்த வாரங்களுக்குக் கிளப் சம்பளம் கிடையாது; லீக்தான் பணம் கொடுக்கும். அதுவும் ஆளைப் பார்த்து அல்ல, சுற்றைப் பார்த்து. முதல் சுற்றுக்கு இவ்வளவு, அடுத்த சுற்றுக்கு அதைவிடக் கூட, இறுதி ஆட்டத்தில் ஜெயித்த அணிக்குத் தோற்றதைப்போல இரண்டு மடங்கு. அன்றைய ஆட்டப் பட்டியலில் பேர் இருக்கிற அத்தனை பேருக்கும் ஒரே தொகை. ஓடினவனுக்கும் அதேதான், உட்கார்ந்தவனுக்கும் அதேதான்.

“அப்போ தங்கக்காலுக்கும் உங்களுக்கும் ஒரே காசா?”

“ஒரே காசு மச்சான். அவருக்கு அது நாய்க்கு முடி வெட்டப் பத்தாது. எனக்கு அது ஒரு வருஷச் சம்பளம்.”

அதனால் பிளே-ஆஃப் வந்தாலே கிளப்பில் எல்லாம் தலைகீழாகும். தங்கக்கால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான். பெஞ்சில் இருப்பவர்கள் தொண்டை கிழியக் கத்துவார்கள். ஆனால் எங்கள் கிளப் பிளே-ஆஃப் பக்கம் போய் ரொம்பக் காலமாகியிருந்தது, ஆகவே அது எங்களுக்கு ஊர்க் கதை மாதிரித்தான்.

இந்த நிலைமையில்தான் தங்கச்சி ஒருநாள் கடைத்தெருவிலிருந்து ஒரு பூட்டு வாங்கி வந்தாள். உள்ளங்கை அகலத்துக்குப் பித்தளைப் பூட்டு.

“எதுக்குடி இது?”

“எங்க வீட்டுக்கு.”

“எந்த வீட்டுக்கு?”

“வாங்கப் போறோம்ல, அந்த வீட்டுக்கு. தனி அடுப்படி, தனி வாசல். சொந்தக் கதவைச் சொந்தச் சாவியால பூட்டிட்டு வெளியே போகணும்ணே. எத்தனை வருஷ ஆசை தெரியுமா?”

பூட்டு வாங்கியாச்சு, வீடுதான் பாக்கி. எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. பஞ்சு மெத்தைச் சம்பளத்தில் வீடா? அப்போதுதான் மாப்பிள்ளை தன் ஒப்பந்தத்தில் இருந்த ஒரு ஷரத்தைச் சொன்னார்.

நடந்தது இதுதான். மூன்று வருடத்துக்கு முன்னால் கிளப் ஒரு பிரபலமான கோல்கீப்பரை முதலாமவராக மூன்று வருட ஒப்பந்தத்தில் எடுத்தது. அவர் வீறாப்பு பிடித்தவர். மூன்று வருடத்தில் ஒரு கோல்கூட விடாவிட்டால் தனக்கு ஒரு பெரிய போனஸ் வேண்டும், அதை எழுத்தில் போட வேண்டும் என்று நின்றார். உலகத்தில் எவனும் செய்ய முடியாத காரியம். ஆகவே கிளப் மேனேஜர், “எவ்ளோ வேணும்னாலும் போட்டுக்கங்க,” என்று ஒரு வீட்டு விலையை எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிரபல கோல்கீப்பர் முதல் ஆட்டத்திலேயே நாலு விட்டார். கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும்.

ஆனால் மேனேஜர் கஞ்சப் பிரபு. மூன்று கோல்கீப்பர்களுக்கு மூன்று ஒப்பந்தம் எழுதினால் வக்கீலுக்கு மூன்று தடவை ஃபீஸ் கொடுக்க வேண்டுமே என்று, அதே ஒப்பந்தத்தில் பேரையும் சம்பளத்தையும் மட்டும் மாற்றி மற்ற இருவரிடமும் கையெழுத்து வாங்கிவிட்டார். இரண்டாமவர் எப்போதோ இறங்கி எப்போதோ கோல் விட்டுவிட்டார். எங்கள் மாப்பிள்ளை மட்டும் மூன்றாம் வருடக் கடைசிக்கு வந்தபோதும் ஒரு கோல்கூட விடவில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் எப்படி விடுவார்? ஒப்பந்தத்தில் மூன்றாம் வருடத்தின் கடைசி ஆட்டம்வரை, பிளே-ஆஃப் உட்பட, கோல் விடக் கூடாது என்றுதான் இருந்ததே தவிர, ஆட்டத்தில் இறங்க வேண்டும் என்று எங்கேயும் இல்லை.

நாங்கள் வாயை மூடிக்கொண்டு எல்லா ஆட்டமும் முடியும்வரை இருந்திருக்க வேண்டும். தங்கச்சி ஒரு வீட்டைப் பார்த்து அதன் சொந்தக்காரருக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டாள். மாப்பிள்ளை நேராக மேனேஜரிடமே போய், “சார், அந்தக் கோல் விடாத போனஸ் எந்தத் தேதியில வரும்? வீட்டுக்காரர் கேக்குறாரு,” என்று கேட்டுவிட்டார். அவர் சுபாவம் அப்படி. தன் வாயாலேயே கெடும் தவளைகூட மழை வந்த பிறகுதான் கத்தும்.

மேனேஜர் எழுந்து நின்றாராம். “நீ கோலே விடலியா?”

“இல்ல சார்.”

“மூணு வருஷமாவா? எப்படிய்யா?”

“இறங்கவே இல்லியே சார்.”

மேனேஜர் வக்கீலிடம் ஓடினார். வக்கீல் ஃபீஸ் வாங்கிக்கொண்டு, “கொடுத்துத்தான் ஆகணும்,” என்றார். மேனேஜர் கோச்சிடம் ஓடினார். எப்படியாவது குஷனை ஓர் ஆட்டத்தில் இறக்கு, ஒரு கோல் விடட்டும், போதும் என்றார். கோச்சுக்கும் மேனேஜருக்கும் ஆகாது. தவிர அந்த வருடம் அணி எப்படியோ தட்டுத் தடுமாறி பிளே-ஆஃப் வாசல் வரை வந்திருந்தது. “என் கோல் போஸ்ட்டு உங்க உண்டியல் இல்ல. முதல் ரெண்டு பேரும் நல்லா இருக்கிறவரைக்கும் மூணாவது ஆளை இறக்க மாட்டேன்,” என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்துக்கு ஒரே வேலைதான். முதல் இரண்டு கோல்கீப்பர்களும் நன்றாக இருக்க வேண்டும். நாட்டிலே எத்தனையோ பேர் உடம்பு சரியில்லாமல் கிடக்க, நாங்கள் இந்த இரண்டு தடியர்களின் நலத்துக்காகப் பிரார்த்தனை செய்தோம். தங்கச்சி தினமும் இரண்டு தூக்குகளில் சூப் வைத்து அனுப்பினாள். மழை வந்தால் நான் வேனை எடுத்துக்கொண்டு போய் முதலாமவரை வீட்டில் விட்டு வந்தேன். இரண்டாமவர் சாலையைக் கடக்கும்போது செல்போனைப் பார்த்துக்கொண்டே நடப்பார். மாப்பிள்ளை அவர் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். “ஏன் குஷன் என்மேல இவ்ளோ பாசம்?” என்று அவர் கண்கலங்கிக் கேட்டாராம்.

மேனேஜரும் சும்மா இல்லை. முதலாமவருக்கு மோட்டார் சைக்கிள் பரிசளித்தார். நான் போய் அதன் டயரில் காற்றை இறக்கிவிட்டேன். இரண்டாமவரை உயரமான மலை ஏற ஓசி டிக்கெட் கொடுத்து அனுப்பப் பார்த்தார். தங்கச்சி அவர் மனைவியிடம் ஒரு வார்த்தை சொன்னாள், டிக்கெட் கிழிந்தது.

அணி பிளே-ஆஃபுக்குள் நுழைந்தது. முதல் சுற்றில் ஜெயித்தோம். தங்கக்கால் பாதி ஆட்டம் இடுப்பில் கை வைத்து நின்றான். “அந்தக் குஷனுக்கும் எனக்கும் ஒரே கூலி. அவன் உக்காந்திருக்கான், நான் மட்டும் ஏன் ஓடணும்?” என்று பத்திரிகைக்காரர்களிடமே சொன்னான். அவனுடைய எடை போனஸும் சீசனோடு முடிந்துவிட்டதால் கண்டதையும் தின்ன ஆரம்பித்தான். அரையிறுதிக்குள் அவன் சட்டை வயிற்றைப் பிடித்தது. ஆனாலும் ஜெயித்தோம். பெஞ்சில் இருந்தவர்கள் கூத்தாடினார்கள், சுற்றுக்குச் சுற்று அவர்கள் காசு ஏறிக்கொண்டே போனது.

எங்கள் மாப்பிள்ளை மட்டும் கூத்தாடவில்லை. ஒரு மத்தியானம் உறை மாட்டிக்கொண்டே கேட்டார்: “மச்சான், ஒரு மெத்தைகூட விக்காம ஒருத்தர் மெத்தைக் கடை நடத்துறேன்னு சொல்லலாமா?”

“கடை திறந்து வச்சிருந்தா சொல்லலாம்.”

“வித்தா வீடு போயிடும், விக்காம இருந்தாத்தான் வீடு கிடைக்கும்னு சொன்னா?”

“விக்காம இருங்க. என்ன கேள்வி இது?” என்று வள்ளென்று விழுந்தேன். அவர் உறையின் ஜிப்பை மெதுவாக இழுத்து மூடினார். எனக்கு அந்தக் கேள்வியின் அர்த்தம் அப்போது உறைக்கவில்லை.

இறுதி ஆட்டத்துக்கு முன்னால் நான் ஒரு முன்ஜாக்கிரதை எடுத்தேன். முதலாமவர் வீட்டுக் கட்டில் பலகைக் கட்டில். முதுகு பிடித்துக்கொண்டால் என்ன ஆவது என்று கடையிலேயே விலை உயர்ந்த மெத்தையை வேனில் ஏற்றிக் கொண்டுபோய் இலவசமாகப் போட்டுவிட்டு வந்தேன். அப்படியொரு மிருது. படுத்தால் ஆள் உள்ளே போய்விடுவார். போய்விட்டார். பலகையில் படுத்துப் பழகின உடம்பு. இறுதி ஆட்டத்தன்று காலையில் முதுகு பிடித்துக்கொண்டு அவரால் எழுந்திருக்கவே முடியவில்லை. இரண்டு பேர் சேர்ந்து மெத்தையிலிருந்து அவரைத் தோண்டி எடுத்தார்களாம். கிணறு வெட்டப் பூதம் கிளம்பினது. தங்கச்சி என்னோடு பேசவில்லை. மேனேஜர் மட்டும் எனக்கு ஒரு பழக்கூடை அனுப்பினார்.

ஆக, இரண்டாமவர் கோல் போஸ்ட்டில். மாப்பிள்ளை பெஞ்சில். பட்டியலில் இருப்பவர்களின் குடும்பத்துக்குக் கொடுக்கிற இருக்கைகளில் நானும் தங்கச்சியும். அவள் கைப்பைக்குள் பூட்டு இருந்தது. ராசிக்காகக் கொண்டு வந்தாளாம்.

ஆட்டம் எங்களுக்கு நன்றாகவே போனது. முதல் கோலைத் தங்கக்கால் போட்டான். அதாவது யாரோ அடித்த பந்து, நகரச் சோம்பல்பட்டு நின்ற அவன் புது வயிற்றில் பட்டு உள்ளே போனது. இரண்டாவது கோலும் விழுந்தது, மூன்றாவதும் விழுந்தது. எதிரணி ஒன்றும் போடவில்லை. முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான். எதிரணி ரசிகர்கள் எழுந்து போய்க்கொண்டிருந்தார்கள். கோப்பைக்கு ரிப்பன் கட்டிவிட்டார்கள். இரண்டு மடங்கு காசு வந்தது என்று பெஞ்சு ஆடிக்கொண்டிருந்தது. தங்கச்சி என் கையைப் பிடித்துக்கொண்டாள். “அண்ணே, வீடு வந்துடுச்சுண்ணே.”

அந்த நேரம் பார்த்து இரண்டாமவருக்கு என்ன தோன்றியதோ, பந்தோடு வந்த எதிரணி ஆளைக் காலைப் பிடித்துக் கவிழ்த்தார். நடுவர் விசில் ஊதினார். பெனால்டி. இரண்டாமவருக்குச் சிவப்பு அட்டை, வெளியே போ என்று.

மைதானத்தில் யாரும் பதறவில்லை. மூன்று கோல் முன்னால் இருக்கிற அணிக்கு ஒரு பெனால்டியால் என்ன? அந்த அரங்கத்தில் அது உயிர்ப் பிரச்சினையாக இருந்தது மொத்தம் நாலு பேருக்கு. எங்கள் இருவருக்கு, மாப்பிள்ளைக்கு, மேலே கண்ணாடி அறையில் துள்ளி எழுந்து நின்ற மேனேஜருக்கு.

கோச் பெஞ்சின் ஓரத்துக்குப் போனார். அவர் நல்ல மனிதர், விஷயம் முழுக்க அவருக்குத் தெரியும். என்ன சொன்னார் என்று பிறகு மாப்பிள்ளை சொன்னார். “குஷன், உனக்குக் கால் பிடிச்சிருக்குன்னு சொல்லு. நான் வேற எவனையாவது கையுறை மாட்டி நிறுத்திக்கிறேன். எப்படியும் ஜெயிச்சாச்சு. உன் வீட்டை நான் கெடுக்க மாட்டேன்.”

தங்கச்சிக்கு அது கேட்கவில்லை. அவள் எழுந்து நின்று கத்தினாள்: “என்னங்க! போகாதீங்க! கால் வலிக்குதுன்னு சொல்லுங்க! போகாதீங்க!” புருஷனை இறக்கச் சொல்லிக் கத்துகிற மனைவிகளைப் பார்த்திருக்கிறேன். இறங்காதே என்று கத்திய ஒரே மனைவி இவளாகத்தான் இருக்கும். நானும் சேர்ந்து கத்தினேன். பின்னாலிருந்தவர் எங்களை எதிரணிக் கூட்டம் என்று நினைத்து என் முதுகில் ஒரு தட்டு தட்டினார்.

மாப்பிள்ளை எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு எழுந்தார். குஷனை எடுத்துத் தட்டி, உட்கார்ந்திருந்த இடத்திலேயே நேராக வைத்தார். கையுறையை மாட்டிக்கொண்டார். அவர் உள்ளே போக ஒருவர் வெளியே வர வேண்டுமே. மூச்சு வாங்கிக்கொண்டிருந்த தங்கக்கால் தானாகவே கையைத் தூக்கிவிட்டு வந்துவிட்டான். ‘தங்கக்காலுக்குப் பதிலாக’ என்று ஒலிபெருக்கி எங்கள் மாப்பிள்ளையின் பெயரைச் சொன்னது. முழுப் பெயர். கிளப்பில் அவருக்கு அப்படியொரு பெயர் இருப்பது பலருக்கு அன்றைக்குத்தான் தெரிந்திருக்கும். இந்த மனிதர் வீட்டை விட்டுவிட்டு எங்கே போகிறார் என்று ஆத்திரமாக வந்தது.

பெனால்டி அடிக்க வந்தவன் எதிரணித் தலைவன். தோற்றுப்போன ஆட்டம், அவனுக்கு வீட்டுக்குப் போனால் போதும் என்றிருந்தது. பந்தை வைத்தான், பின்னால் போகாமலே உதைக்கத் தயாரானான். மாப்பிள்ளையோ கோல் கம்பத்தைத் தொட்டுப் பார்க்கிறார், இந்தப் பக்கக் கம்பத்திலிருந்து அந்தப் பக்கக் கம்பம் வரை நடந்து பார்க்கிறார், கையுறையில் எச்சில் துப்பித் தேய்க்கிறார். நடுவர் கடிகாரத்தைக் காட்டினார். மேலே மேனேஜர் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு, கோல் விழ வேண்டும் என்று கை கூப்பி வேண்டிக்கொண்டிருந்தார். அவருடைய சொந்த அணிக்கு எதிராகத்தான்.

அடித்தான். மாப்பிள்ளை இடது பக்கம் பாய்ந்தார். மேல் அறையில் தினமும் கேட்கிற அதே பாய்ச்சல், ஆனால் நான் கண்ணால் பார்ப்பது அதுதான் முதல் தடவை. உடம்பு நீண்டு, தரைக்கு மேலே, கை விரிந்து. என் வாய் தானாகத் திறந்துகொண்டது. பந்து அவர் விரலில் பட்டது, லேசாகத் திரும்பியது, கம்பத்தின் உள்பக்கம் அடித்து உள்ளே போனது.

கோல்.

ஒருவரும் கத்தவில்லை. எதிரணி ரசிகர்களில் பாதிப்பேர் வாசலைத் தாண்டிவிட்டார்கள். கண்ணாடி அறைக்குள் மட்டும் மேனேஜர் பக்கத்திலிருந்தவரைத் தூக்கிச் சுற்றினார். தங்கச்சி உட்கார்ந்துவிட்டாள். உள்ளதும் போச்சு நொள்ளைக்கண்ணா என்று நான் தலையில் கை வைத்தேன்.

மாப்பிள்ளை எழுந்தார். வலைக்குள் போய்ப் பந்தை எடுத்தார். சிரித்துக்கொண்டிருந்தார். கோல் விட்டுவிட்டுச் சிரிக்கும் கோல்கீப்பரை அந்த எதிரணித் தலைவன் அதுவரை கண்டிருக்க மாட்டான். மாப்பிள்ளை ஓடிப்போய் அவனைக் கட்டிப்பிடித்ததும் மிரண்டு போனான். ஆட்டம் முடிந்ததும் நடுவரிடம் போய் அந்தப் பந்தை எனக்குக் கொடுங்கள் என்று கேட்டார். நடுவர் மேனேஜரைப் பார்த்தார். கீழே ஓடி வந்திருந்த மேனேஜர் மாப்பிள்ளையின் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டு, “பந்து என்ன, வலையும் வேணுமா சொல்லு!” என்றார். எங்கள் மாப்பிள்ளைக்கு அவர் இலவசமாகக் கொடுத்த இரண்டாவது பொருள் அது. முதலாவது அந்தத் தண்ணீர் பாட்டில்.

வீடு திரும்பும்போது வேனை ஓட்டிக்கொண்டே நான் கணக்குப் போட்டேன். ஜெயித்த அணிக்கான லீக் பணம் மாப்பிள்ளைக்கும் வரும், தங்கக்காலுக்கு வருகிற அதே தொகை. அதில் நிறைய மெத்தை வாங்கலாம், வீடு வாங்க முடியாது. கொடுத்த அட்வான்ஸ் திரும்பி வந்தாலே பெரிய விஷயம்.

மேலே வந்ததும் என்னால் அடக்க முடியவில்லை. “ஏன் மாப்பிள்ளே போனீங்க? கோச்சே வேண்டாம்னு சொன்னாருல்ல? ஒரு வார்த்தை, கால் பிடிச்சிருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இவளுக்கு ஒரு வீடு!”

அவர் பந்தை மடியில் வைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். தங்கச்சியைப் பார்த்துத்தான் பதில் சொன்னார்.

“தப்புதான். உன்கிட்ட என்ன சொல்றதுன்னே தெரியல. ஆனா பதினோரு வருஷமா நான் கோல்கீப்பர்னு சொல்லிக்கிட்டுத் திரியறேன். ஆட்டத்துல எவனும் என்னைப் பார்த்து ஒரு பந்துகூட உதைச்சதில்ல. அந்த வீட்டு வாசல்ல வந்து யாராச்சும், இது எப்படிச் சம்பாதிச்சதுன்னு கேட்டா, சும்மா உக்காந்து சம்பாதிச்சதுன்னா சொல்றது? இன்னைக்கு ஒருத்தன் உதைச்சான். என்னைப் பார்த்து உதைச்சான். நானும் பாஞ்சேன்.”

அவர் மடியிலிருந்த பந்தை உருட்டிக்கொண்டிருந்தார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. கோபமெல்லாம் எங்கே போனதோ, அவர் மேல் எனக்கு முதன்முதலாக மரியாதை வந்தது. வந்ததை மறைக்க ஜன்னலைச் சாத்தினேன், திரும்பத் திறந்தேன்.

தங்கச்சி அழுதிருந்தாள், முகம் வீங்கியிருந்தது. பிறகு கேட்டாள்: “பந்தைத் தொட்டீங்களா?”

“தொட்டேன்.”

“எந்த விரலு?”

“நடுவிரல். நுனி.”

அவள் வந்து அந்த விரலைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நகத்தடியில் கொஞ்சம் ரத்தம் கட்டியிருந்தது. “கைய வச்சீங்கன்னா நேரா வைக்கறதுக்கென்ன? இன்னும் ஒரு இன்ச் நீட்டியிருந்தா வீடு,” என்றாள். திட்டித் தீர்த்தாள். கட்டிலுக்கடியிலிருந்து கல்யாணத் துணி வைத்திருந்த இரும்புப் பெட்டியை இழுத்தாள். துணியை ஒதுக்கிவிட்டுப் பந்தை உள்ளே வைத்தாள். கைப்பையிலிருந்து அந்தப் பித்தளைப் பூட்டை எடுத்து மாட்டிப் பூட்டினாள். இழுத்துப் பார்த்தாள். சாவியைச் சேலை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மறுநாள் காலையில் நான் கடை திறந்து வைத்திருந்தேன். கணவனும் மனைவியுமாக இரண்டு பேர் இரட்டைக் கட்டிலுக்கு மெத்தை பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேலே தங்கச்சியின் குரல் கேட்டது. “எங்க, இன்னொரு தடவை பாஞ்சு காட்டுங்க. எப்படிப் பாஞ்சீங்கன்னு எனக்குச் சரியாத் தெரியல, நான் கண்ணை மூடிட்டேன்.”

தொம்மென்று விழுந்தது. கூரையிலிருந்து கொஞ்சம் தூசு உதிர்ந்தது. வந்தவர் அண்ணாந்து பார்த்தார்.

“என்னங்க சத்தம்?”

“எங்க மாப்பிள்ளை,” என்றேன். “கோல்கீப்பர். நேத்து பைனல்ல இறங்கினாரு.”

“அப்படியா! பந்தைப் பிடிச்சாரா?”

“இல்ல, விட்டுட்டாரு,” என்றேன். “தொட்டுட்டு விட்டாரு.”